அயர்லாந்து இசை ஆய்வில் மூவகைச் சான்றுகள்

ஒரு நாட்டின் இசையை ஆராயப் புகுவோர் முதற்கண் தெளிய வேண்டுவது, தம் கையிலுள்ள சான்று எத்தன்மையது என்பதாகும். அயர்லாந்து இசை இதனை நன்கு விளக்கும். நெடுங்காலம் செவிவழியே வாழ்ந்த அவ்விசை, பதினெட்டாம் நூற்றாண்டில் அச்சேறத் தொடங்கிற்று. இருபதாம் நூற்றாண்டில் இசைத்தட்டிலும் இடம்பெற்றது. ஏடு, தட்டு, இசைப்போர் வழக்கு என்னும் மூன்றும் ஒன்றையே கூறுவன அல்ல. அவற்றின் வேறுபாட்டை உணராது ஒன்றனை மட்டும் கொண்டு, 'இதுவே பழைய வடிவம்' எனத் துணிதல் பிழையாகும்.

அவ்விசையின் அமைப்பை முதலிற் காண்போம். அது பெரும்பாலும் ஒற்றை மெட்டின் வழியே இயங்குவது. ரீல், ஜிக், ஹார்ன்பைப் முதலியன ஆடற்குரிய மெட்டுகள். எட்டெட்டு அளவுகொண்ட இரு பகுதிகள் இருமுறை இசைக்கப்பெற, 32 அளவில் ஒரு சுற்று முடிதல் பெருவழக்கு. 'ஷான் நோஸ்' எனப்படும் பழைய முறைப் பாடல், துணைக் கருவியின்றி, சொல்லின் போக்கிற்கேற்ப நெகிழ்ந்து செல்வது. சுரவரிசையை மட்டும் நோக்கின், சங்கராபரணத்தை ஒத்த மெட்டுகளோடு அரிகாம்போதியையும் கரகரப்பிரியாவையும் ஒத்தனவும் மிகுதியாக உண்டு. பின்னைய இரண்டும் தாழ்ந்த நிடாதம் உடையன என்பது கருதத்தக்கது.

1792-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பெல்பாஸ்ட் நகரில் யாழிசைப்போர் கூட்டம் ஒன்று நிகழ்ந்தது. அயர்லாந்தினர் பதின்மரும் வேல்சு நாட்டார் ஒருவரும் அதில் இசைத்தனர். அவ்விசையைக் குறித்து வைத்தவர் எட்வர்ட் பண்டிங் என்னும் பத்தொன்பது வயது இளைஞர். கம்பி நரம்புகளை நீண்ட நகத்தால் மீட்டும் பழைய முறையைக் கையாண்டவர், தொண்ணூறு கடந்தவர் எனப்பட்ட டெனிஸ் ஹெம்ப்சன் ஒருவரே. பண்டிங் வெளியிட்ட தொகுதிகளோ பியானோவிற்கு ஏற்ப அமைக்கப்பட்டவை. கம்பியின் நீண்ட ஒலிப்பும் அதனை விரலால் அடக்கும் நுட்பமும் அவற்றிற் புலப்படா. 1802-இல் பாட்ரிக் லிஞ்ச் என்பார் ஐரிஷ் மொழிப் பாடற்சொற்களைத் திரட்டித் தந்தும், 1809-ஆம் ஆண்டுத் தொகுதியில் ஆங்கிலச் செய்யுட்களே மெட்டோடு இணைந்தன. பெல்பாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்திலுள்ள பண்டிங்கின் கையேடுகளை அச்சுப் பதிப்போடு ஒப்பிடுவார்க்கு, தொகுத்தவர் எங்குத் திருத்தினார் என்பது விளங்கும். மூலச்சுவடியையும் பதிப்பையும் ஒப்பிடும் முறை இசைக்கும் இன்றியமையாதது என்க.

அடுத்த பெருந்தொகுப்பு கடல் கடந்து எழுந்தது. கார்க் மாவட்டத்திற் பிறந்து சிகாகோ நகரக் காவல்துறைத் தலைவரான பிரான்சிஸ் ஓ நீல், 1903-இல் 1,850 மெட்டுகளையும், 1907-இல் 1,001 ஆடல் மெட்டுகளையும் வெளியிட்டார். அந்நூல்கள் மெட்டின் எலும்புக்கூட்டையே தருகின்றன. ஒரு சுரத்தை மேலும் கீழும் உள்ள சுரங்களால் சுற்றி அணிசெய்யும் 'ரோல்' முதலியவற்றை இசைப்போரே இட்டு நிரப்புவர். ஒவ்வொரு சுற்றிலும் மாற்றியும் இசைப்பர்.

எழுத்தில் அடங்காத இந்நுட்பத்தை இசைத்தட்டு காத்தது. ஆயின் அதுவும் நடுநிலைச் சான்றன்று. ஸ்லைகோ மாவட்டத்திலிருந்து நியூயார்க் சென்ற பிடில் கலைஞர் மைக்கேல் கோல்மன், 1921 முதல் பதிவுசெய்த தட்டுகள் தாயகத்திற்குத் திரும்பின. பலர் அவற்றையே முன்மாதிரியாகக் கொண்டமையால் ஏனைய வட்டார நடைகள் சில மங்கின. ஒன்றைக் காத்த கருவியே பிறிதொன்றை மறைத்தது. 1935-ஆம் ஆண்டின் பொது நடன மன்றச் சட்டமும் வீட்டு முற்றங்களில் நிகழ்ந்த ஆடலைத் தளர்த்தியது.

1951-இல் தோன்றிய கோல்டஸ் அமைப்பு விழாக்கள் வாயிலாக இசைப்போரை ஒன்றுசேர்த்தது. 1960-ஐ ஒட்டி ஷான் ஓ ரீயடா அமைத்த குழு, மரபுக் கருவிகளை மேடைக்குரிய கூட்டிசையாக்கிற்று. 1962-இல் தி சீப்டன்ஸ் குழு எழுந்தது. 1973-இல் ஹார்ஸ்லிப்ஸ் குழுவினர், பழைய அணிவகுப்பு மெட்டொன்றை மின் கிட்டாரில் வைத்து 'ஜாரக் டூம்' என்னும் ராக் பாடலை ஆக்கினர். 1982-இல் லண்டனில் தோன்றிய தி போக்ஸ் குழு, பங்க் இசையின் வேகத்தோடு இம்மரபை இணைத்தது.

இவை மரபோ, மரபின் சிதைவோ என வினவுவர் சிலர். அவ்வினா, தூய வேர் ஒன்று இருந்ததெனக் கொள்கின்றது. ஆனால் ரீல் ஸ்காட்லாந்திலிருந்தும், போல்கா ஐரோப்பியப் பெருநிலத்திலிருந்தும், புசூக்கிக் கருவி 1960-களில் கிரேக்க நாட்டிலிருந்தும் வந்தவை. இன்று அவை அயலாகக் கருதப்படுவதில்லை. எனவே மரபு என்பது மெட்டின் பழமையில் மட்டும் அமைவதன்று. இசைக்கும் முறையிலும், ஒருவரிடமிருந்து மற்றொருவர் செவியாற் கொள்ளும் தொடர்ச்சியிலும் அது வாழ்கின்றது.

ஆகவே ஆய்வாளர் ஏட்டில் மெட்டின் வடிவத்தையும், தட்டில் ஒரு கலைஞரின் ஒருநாள் நடையையும், வழக்கில் அதன் இயக்கத்தையும் காணல் வேண்டும். மூன்றும் முரணுமிடத்து ஒன்றைத் தள்ளாது, முரணுக்குரிய காரணத்தை நாடுதலே முறை. இசையின் வரலாறு பெரும்பாலும் அம்முரண்களிலேயே பொதிந்துள்ளது.