வளர்ப்பாரினும் நெடிது வாழும் ஆமை

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. வள்ளுவனாரோ, ஐம்பொறிகளை அடக்கியாளும் ஆற்றலுக்கு அவ்வாமையையே உவமை கூறினர். வீட்டிற்கு ஆகாதென நம்மவர் விலக்கிய இவ்வுயிரை மேல்நாட்டார் சிலர் தம் தோட்டங்களில் வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்துள்ளனர். நாயை வளர்ப்போன் அதன் இறுதியைக் கண்டு வருந்துவான். ஆமையை வளர்ப்போனுடைய இறுதியை ஆமை காணும். இவ்வொரு வேறுபாட்டினின்றே அதனை வளர்ப்பாருக்குரிய கடமைகள் பல பிறக்கின்றன. அவற்றை ஈண்டு விளக்கக் கருதினோம்.

ஆமைக்கு இத்துணை நீண்ட ஆயுள் எங்ஙனம் வாய்த்தது? பறவையும் விலங்கும் தம் உடற்சூட்டை உள்ளிருந்தே உண்டாக்குவன. அதற்காக ஓயாது உண்பன. ஆமையோ வெயிலிற் கிடந்து சூடு பெறுவது. ஆதலின் சிறிதளவு உணவே அதற்குப் போதும். அதன் உடலின்கண் நிகழும் தொழில்கள் யாவும் மெல்ல நிகழும். வன்மையான ஓடு பகைவரினின்று அதனைக் காக்கிறது. பருவமடைதற்கும் பல ஆண்டுகள் செல்லும். மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் வாழும் சிறிய நில ஆமைகள் நன்கு பேணப்படின் 50 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். அல்டாப்ராத் தீவிற்குரிய பேராமைகள் நூறாண்டைக் கடப்பது அரிதன்று.

இங்கிலாந்து தேசத்துச் செல்போர்ன் என்னும் சிற்றூரில் கில்பர்ட் ஒயிட் என்ற குருவானவர் ஒருவர் வாழ்ந்தார். தம்மூரின் உயிர்வகைகளை ஆராய்ந்து 1789-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் இன்றும் கற்றோராற் போற்றப்படுகிறது. அவருடைய அத்தையார் ரிங்மர் என்னும் ஊரில் ஓர் ஆமையை ஏறத்தாழ 40 ஆண்டுகள் வளர்த்து வந்தார். அயலாரைப் பொருட்படுத்தாத அவ்வாமை, தனக்கு உணவிடும் அம்மூதாட்டியாரைக் கண்டவுடன் தள்ளாடித் தள்ளாடி அவரை நோக்கி நடக்குமாம். 1780-இல் அத்தையார் காலஞ்சென்றார். மண்ணுள் துயின்றுகொண்டிருந்த ஆமையைத் தோண்டியெடுத்து, வண்டியில் 80 மைல் தூரம் கொணர்ந்து, தம் தோட்டத்தில் விட்டார் ஒயிட். கார்த்திகை மாதத்தை ஒட்டி அது மண்ணுட் புகுவதையும், சித்திரை பிறக்கும் காலத்தில் வெளிவருவதையும், வன்மையான ஓடு உடையதாயினும் மழைக்கு அஞ்சி ஒதுங்குவதையும் அவர் குறித்து வைத்தார். 1793-இல் அவரும் இறந்தார். ஆமை அதற்கடுத்த ஆண்டில் மடிந்தது. திமோத்தேயு என ஆண்பெயர் இட்டு அழைக்கப்பட்ட அது பெண்ணாமை என்பது பிற்காலத்தார் ஆராய்ந்து கண்ட உண்மை. அதன் ஓடு இலண்டன் இயற்கைப்பொருட் காட்சிச்சாலையில் உள்ளது.

இவ்வாமை நற்பேறுடையது, வளர்த்தவர் மறைந்தபின் அன்புடைய வேறொருவர் கையை அடைந்தது. எல்லா ஆமைக்கும் இப்பேறு வாய்ப்பதில்லை. கந்தர்பரி அத்தியட்சராகிய லாட் என்பவர் 1633-இல் லாம்பெத் அரண்மனைக்கு ஓர் ஆமையைக் கொணர்ந்தனர் என்பர். 1645-இல் அவர் சிரச்சேதம் செய்யப்பட்டார். அவருக்குப்பின் அத்தியட்சர் பலர் வந்து மறைந்தனர். ஆமை மட்டும் அத்தோட்டத்தில் உலவிக்கொண்டிருந்தது. 1753-இல், குளிர்காலத் துயிலில் இருந்த அதனைத் தோட்டக்காரன் ஒருவன் தோண்டி வெளியே விட்டமையால் அது இறந்ததாகக் கூறுவர். நூற்றாண்டிற்கு மேற்பட்ட வாழ்வு ஒருவனுடைய கவனக்குறைவால் முடிந்தது.

இதற்கு மறுதலையான செய்தி செயின்ட் ஹெலினாத் தீவினின்று கிடைக்கிறது. 1882-இல் சீஷெல்ஸ் தீவுகளினின்று அங்குக் கொணரப்பட்டு, ஜொனத்தான் எனப் பெயர் பெற்ற பேராமை அப்போதே முழு வளர்ச்சி பெற்றிருந்தது. ஆதலின் அது 1832-ஐ ஒட்டிப் பிறந்திருத்தல் வேண்டுமென அறிஞர் கணித்தனர். தேசாதிபதியின் மாளிகைப் புல்வெளியிலே வாழ்ந்த அதன் கண்கள் முதுமையில் ஒளி இழந்தன. மோப்ப உணர்வும் குன்றியது. உணவு குறைந்து அதன் அலகு சிதையத் தொடங்கியபோது, கால்நடை மருத்துவர் ஒருவர் காய்கனிகளைத் தம் கையாலேயே ஊட்டி வந்தார். அலகு மீண்டும் உறுதி பெற்றது. 2022-இல் அதற்கு வயது 190 எனக் கொண்டாடினர்.

இனி, வளர்க்கும் முறையைச் சுருங்கக் கூறுவாம். மத்தியதரை நாட்டு நில ஆமைக்குப் புல்லும் பூண்டும் தழையுமே தக்க உணவு. இறைச்சியும் பாலில் ஊறிய ரொட்டியும் ஆகா. வெயில் இன்றியமையாதது. வெயிலிலுள்ள புறஊதாக் கதிர்களாலேயே உடல் சுண்ணாம்புச் சத்தை ஏற்கும். கண்ணாடிப் பலகணி அக்கதிர்களைத் தடுத்துவிடும். அவை கிட்டாவிடின் எலும்பு மெலியும், ஓடு கோணும். குளிர்காலத்தில் துயிலும் இனங்களைத் துயிலுக்குச் சில வாரங்களுக்கு முன்னரே உணவு நிறுத்திக் குடல் வெறுமையாகச் செய்து, ஏறத்தாழ 5 பாகை செல்சியஸ் குளிரில் வைப்பர். நீர் உறையும் குளிர் அதற்கு இறுதி பயக்கும். வெப்ப நாட்டு ஆமைகளோ அங்ஙனம் துயில்வன அல்ல. அவற்றைக் குளிரில் வைத்தல் கொலையேயாகும்.

இவற்றுட் பிழை நேரின் ஆமை உடனே வீழாது. நாய் நோயுற்றால் முனகும். ஆமைக்கு முறையிடக் குரலில்லை. சில ஆண்டுகள் தளர்ந்து தளர்ந்து பின்னர் இறக்கும். முற்காலத்தில் வட ஆப்பிரிக்கக் கரையினின்று பிரித்தானியாவிற்குத் திரள்திரளாக ஏற்றப்பட்ட ஆமைகள் இங்ஙனமே மடிந்தன. 1984-இல் அவ்விறக்குமதி தடுக்கப்பட்டது. நெடிது வாழும் உயிர் என்பதால் அது எதனையும் தாங்குமென எண்ணுதல் பேதைமை.

நம் நாட்டாருக்கு மற்றொரு கடமையும் உண்டு. தென்னாட்டு வறண்ட புதர்க்காடுகளிலும் இலங்கையிலும் வாழும் நட்சத்திர ஆமை ஓட்டின் அழகினாலே இடருறுகிறது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதனைக் காட்டினின்று பிடித்து வீட்டில் வைத்தல் குற்றம். 2019-இல் உலக நாடுகள் கூடி அதன் வாணிகத்தையும் விலக்கின. அதனை அதன் காட்டிலேயே விட்டுவைத்தலே நாம் அதற்குச் செய்யும் நன்மையாகும்.

வளர்த்தற்கு உரிமையுள்ள நாட்டிலும், ஆமையை ஏற்போன் தன் மரணசாசனத்தில் அதற்கு ஓர் இடம் வைத்தல் வேண்டும். தனக்குப்பின் அதனைக் காப்பவர் இன்னாரென உயிரோடிருக்கும்போதே உறுதி செய்தல் வேண்டும். உயிர்கள் யாவும் சிருஷ்டிகருடையன. நாம் அவற்றிற்கு உக்கிராணக்காரரேயன்றி உடையவர் அல்லேம் என நம் மார்க்கம் கற்பிக்கிறது. பிற உயிர்களை வளர்க்குங்கால் மறந்துபோகக்கூடிய இவ்வுண்மையை ஆமையை வளர்ப்போன் ஒருநாளும் மறத்தற்கியலாது. அவன் பெற்றுக்கொண்டது போலவே ஒப்படைத்துச் செல்ல வேண்டியவன் ஆகின்றான்.