சீரியல் நம்பர் எங்கே போச்சு?

விஎம்வேர் ஹோஸ்டுகளின் பட்டியலை ஸ்கிரிப்ட் போட்டு எடுத்தால், சில சர்வர்களுக்கு மட்டும் சீரியல் நம்பர் காலியாக வரும். ஸ்கிரிப்டைத் திட்டுவதற்கு முன், அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்.

பெட்டியின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரை எந்த மென்பொருளும் படிப்பதில்லை. தயாரிப்பாளர் மதர்போர்டில் பதித்து வைத்த எண்ணை, பூட் ஆகும்போது ஃபர்ம்வேர் எஸ்எம்பயாஸ் என்ற அட்டவணையில் போடும். இஎஸ்எக்ஸ்ஐ அதைத்தான் வாசிக்கிறது. அதில் சிஸ்டம் (வகை 1), மதர்போர்டு (வகை 2), சேசிஸ் (வகை 3) என்று மூன்று இடங்களில் சீரியல் இருக்கலாம். மூன்றும் வேறுவேறாகவும் இருக்கலாம். பிளேடு சர்வரில் சேசிஸ் எண்ணை எடுத்துவிட்டால், ஒரே கூண்டில் இருக்கும் எல்லா சர்வருக்கும் ஒரே எண் வரக்கூடும்!

பழைய ஸ்கிரிப்டுகள் பலவும் விசென்டரில் 'சர்வீஸ் டேக்' என்ற புலத்தைத் தேடும். எல்லா தயாரிப்பாளரும் அதை நிரப்புவதில்லை. எனவே ஹோஸ்டிலேயே எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து, 'இஎஸ்எக்ஸ்சிஎல்ஐ ஹார்டுவேர் பிளாட்ஃபார்ம் கெட்' கொடுத்துப் பாருங்கள். அங்கே எண் வந்தால், ஸ்கிரிப்ட் தப்பான இடத்தில் தேடுகிறது. அங்கேயும் காலி, அல்லது '0123456789' மாதிரி ஒப்புக்கு ஒன்று என்றால், சிக்கல் ஃபர்ம்வேரில். மதர்போர்டு மாற்றியவர்கள் எண்ணைத் திரும்ப எழுதாமல் போயிருக்கலாம்.

அப்போது ஸ்டிக்கரைப் பார்த்துக் கையால் குறித்து வைப்பது ஒரு வழி. சர்வர் படுத்துவிட்ட ராத்திரியில், வாரன்டி சப்போர்ட்டில் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான்.