பெருங்குடலை எடுத்த பின்: பையா, பவுச்சா?

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மலக்குடலில் தொடங்கிப் பெருங்குடலோடு நின்றுவிடும் நோய். மருந்துக்கு அடங்காதபோதும் புற்றுநோயின் அறிகுறி தென்படும்போதும் இரண்டையும் அகற்றிவிடுகிறார்கள். பிறகு மலம் போக முக்கியமாக இரண்டு வழிகள். சிறுகுடல் நுனியை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து பை ஒட்டுவது ஒன்று. அதன் இன்றைய வடிவத்தை 1952இல் இங்கிலாந்தின் பிரையன் ப்ரூக் வகுத்தார். சிறுகுடலையே மடித்துத் தைத்து, உள்ளே பவுச் ஆக்கி ஆசனவாயோடு இணைப்பது மற்றொன்று. லண்டனில் பார்க்ஸும் நிக்கல்ஸும் 1978இல் அறிவித்தது. பவுச் வந்த பிறகு, பை என்றால் வேறு வழியில்லாதவர்களுக்கு என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

பவுச் வைத்தவர் பழையபடி ஆகிவிடுவதில்லை. நாளுக்கு ஐந்தாறு முறை, பலருக்கு இரவிலும் ஒருமுறை, போக வேண்டும். பாதிப் பேர் வரை எப்போதாவது பவுச் அழற்சிக்கு ஆளாகிறார்கள். நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குப் பவுச் பலிக்காமல் பைக்கே திரும்ப நேர்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டில் நிற்பவரும், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பஸ் ஓட்டுபவரும் நினைத்த நேரத்தில் கழிப்பறைக்குப் போக முடியாது. பையையும் நாலைந்து முறை காலி செய்ய வேண்டியதுதான்; ஆனால் அதற்கான நேரத்தை ஓரளவு நாமே தீர்மானிக்கலாம். இருவகையினரின் வாழ்க்கைத் தரத்தை ஒப்பிட்ட ஆய்வுகள் பலவற்றில் பெரிய வித்தியாசம் தென்படவில்லை.

கல்யாணம் ஆகாத பெண்ணிடம் இப்படிச் சொல்ல முடியுமா என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இடுப்புக்குள் செய்யும் பவுச் அறுவையால் கருத்தரிப்பது கடினமாகலாம் என்பதையும் அவளிடம் சொல்லியாக வேண்டும். புற்றுநோய் அச்சம் இல்லையென்றால், முதலில் பெருங்குடலை மட்டும் எடுத்துப் பை வைத்து, மலக்குடலைக் கண்காணித்தபடி பவுச்சைப் பிறகு முடிவு செய்யலாம். என் வாதத்தை உண்மையில் அசைப்பது பணம்தான். காப்பீடு அறுவையோடு முடிந்துபோனாலும், பை மாதாமாதம் வாங்க வேண்டிய பொருள். போதாக்குறைக்குச் சென்னை வெயிலில் பை வைத்தவருக்கு நீரும் உப்பும் சீக்கிரம் குறையும்.

ஆவடியிலிருந்து ரயிலேறி சென்ட்ரலில் இறங்கினால் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. சற்று வடக்கே ஸ்டான்லி. இரண்டிலும் இரைப்பை, குடல் அறுவைக்குத் தனித்துறை உண்டு. எங்கே செய்துகொண்டாலும், பை ஒட்டப்போகும் இடத்தை முன்கூட்டியே, உட்கார வைத்தும் நிற்க வைத்தும் பார்த்துக் குறிக்கச் சொல்லிக் கேளுங்கள். பெல்ட் போடும் இடத்திலோ சேலைக் கொசுவம் சொருகும் இடத்திலோ அது அமைந்துவிட்டால், நல்ல அறுவையும் தினசரி உபத்திரவமாகிவிடும்.