எட்டு வயதிலேயே தொடங்கிவிடும் ஏ-லெவல் இசை

இங்கிலாந்தில் 16 வயதில் ஜிசிஎஸ்இ தேர்வை முடிக்கும் பிள்ளைகள் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு, ஏ-லெவல் எனப்படும் தேர்வுக்காக, பெரும்பாலும் மூன்றே பாடங்களைத்தான் படிக்கிறார்கள். தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்பைப் போல ஆறு பாடங்கள் கிடையாது. சிக்ஸ்த் ஃபார்ம் எனப்படும் இந்தப் படிப்பில் கணிதம், வேதியியலுக்கு ஈடாக நிற்கும் பாடங்களில் இசையும் ஒன்று. பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூகாஸ் புள்ளிக் கணக்கில் கணிதத்தின் உச்ச தரமான ஏ-ஸ்டாருக்கு 56 புள்ளி. இசையின் ஏ-ஸ்டாருக்கும் அதே 56.

ஆனாலும் இது பாட்டு, வாத்தியம் தெரிந்த பிள்ளைகள் சுலபமாக மதிப்பெண் வாங்கிப் போகும் பாடம் என்ற எண்ணம் பெற்றோரிடம் பரவலாக இருக்கிறது. பாடத்திட்டத்தைப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. எடெக்ஸெல் தேர்வு வாரியத்தில் மேடை வாசிப்புக்கு 30 விழுக்காடு, சொந்தமாக இசையமைப்பதற்கு 30, கேட்டு ஆராய்ந்து எழுதும் தேர்வுக்கு 40. ஏக்யூஏ வாரியத்தில் இது 35, 25, 40 என்று மாறும். இந்த இரண்டு வாரியங்களிலும் வாசிப்பு மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே நிற்கிறது.

அந்த வாசிப்பும் எளிதானதல்ல. எடெக்ஸெல் கேட்பது குறைந்தது எட்டு நிமிடக் கச்சேரி. ஏபிஆர்எஸ்எம் போன்ற அமைப்புகள் நடத்தும் எட்டு நிலைத் தேர்வுகளில் கிரேடு 7 அளவையே இயல்பான தரமாக வைத்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். அதைவிடக் கடினமான உருப்படியை வாசித்தால் கூடுதல் மதிப்பு, எளிதானதை வாசித்தால் குறைவு.

இசையமைப்புதான் பலரைத் திணறடிக்கும் பகுதி. இரண்டு படைப்புகள் தர வேண்டும். எடெக்ஸெலில் அவற்றுள் ஒன்று நுட்பப் பயிற்சி. அதற்குப் பலர் தேர்ந்தெடுப்பது பாக் பாணியிலான கோரல், அதாவது நான்கு குரல் தேவாலயப் பாட்டு. மெட்டைக் கொடுத்துவிடுவார்கள், அதன் கீழே ஆல்டோ, டெனர், பேஸ் ஆகிய மூன்று குரல்களையும் மாணவர் எழுத வேண்டும். ஒவ்வொரு குரலும் தனியாகப் பாடினாலும் பாட்டாக இருக்க வேண்டும். நான்கும் சேர்ந்தால் ஒவ்வொரு தட்டிலும் சரியான கார்டு, அதாவது சுரக்கூட்டு, அமைய வேண்டும். ச–ப இடைவெளியில் நிற்கும் இரண்டு குரல்கள் அதே இடைவெளியோடு அடுத்த சுரத்துக்கு நகர்ந்தால் தவறு. முடிப்பில் நிஷாதம் பொதுவாக மேல் சட்ஜத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இந்தக் கட்டுப்பாடுகளுக்குள் உயிருள்ள இசையை எழுதுவது, கணிதத்தில் ஒரு நிரூபணத்தை முடிப்பதற்கு எந்த வகையிலும் குறைந்த உழைப்பல்ல. (இந்த ஜெர்மானியக் கோரல் மெட்டுகள் தமிழருக்குப் புதியவையும் அல்ல. தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனரிகள் 18ஆம் நூற்றாண்டில் இப்பாடல்களைத் தமிழாக்கினார்கள். ஞானப்பாட்டு என்று நம் தேவாலயங்களில் ஒலிப்பவற்றில் பல அந்த வழியில் வந்தவை.)

எடெக்ஸெலின் எழுத்துத் தேர்வு இரண்டு மணி பத்து நிமிடம். குறித்த படைப்புகளை இரண்டு ஆண்டுகள் கேட்டு, இசைக்குறிப்பை வரிவரியாகப் படித்து, புதிதாக ஒலிக்கும் ஒரு துணுக்கையும் அவற்றோடு ஒப்பிட்டு எழுதத் தெரிந்திருக்க வேண்டும். 2016இல் நடைமுறைக்கு வந்த எடெக்ஸெல் பட்டியலில் ஸ்ட்ராவின்ஸ்கி இருந்தார், பீட்டில்ஸ் இருந்தார்கள், 'சைக்கோ' படத்துக்கு பெர்னார்ட் ஹெர்மன் அமைத்த பின்னணி இசை இருந்தது. அந்தப் பட்டியலில் பெண்கள் இடம்பெற்றதற்குக் காரணம் ஒரு மாணவி. முந்தைய பாடத்திட்டத்தில் 63 ஆண் இசையமைப்பாளர்கள் இருக்க, ஒரு பெண்கூட இல்லை என்பதை 2015இல் 17 வயது லண்டன் மாணவி ஒருவர் எண்ணிக் காட்டி, கையெழுத்து இயக்கம் நடத்தினார். வாரியம் இறங்கி வந்தது. கிளாரா ஷூமன், ரேச்சல் போர்ட்மன், கேட் புஷ், காயா சாரியாஹோ ஆகியோருடன் சிதார் கலைஞர் அனுஷ்கா சங்கரும் பாடத்துக்குள் வந்தார்.

இத்தனை செறிவான பாடத்தை எடுப்போர் குறைந்துகொண்டே வருகிறார்கள். 2010க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. அண்மை ஆண்டுகளில் தேர்வெழுதுவோர் ஏறத்தாழ 5,000 பேர். இப்படியே போனால் 2033க்குள் இந்தப் பாடத்தை எழுத ஆளே இருக்காது என்று பர்மிங்காம் சிட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள்.

பிள்ளைகளுக்கு இசை பிடிக்காமல் போய்விட்டது என்று இதற்குப் பொருளல்ல. 2010இல் அறிமுகமான இபேக் என்ற அளவுகோல், ஆங்கிலம், கணிதம், அறிவியல், மொழி, வரலாறு அல்லது புவியியல் ஆகியவற்றை வைத்துப் பள்ளிகளை எடைபோட்டது. அதில் கலைப்பாடம் எதற்கும் இடமில்லை. பள்ளிகள் நேரத்தையும் பணத்தையும் அந்தப் பக்கம் திருப்பின. (அந்த அளவுகோலைக் கைவிடுவதாக 2025 நவம்பரில்தான் அரசு அறிவித்தது.) சிக்ஸ்த் ஃபார்ம் கல்லூரிகளின் பணக்கணக்கு இன்னொரு காரணம். 2013 முதல் 2020 வரை 16, 17 வயது மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 4,000 பவுண்டு என்ற அடிப்படை நிதி உயரவே இல்லை. விலைவாசி மட்டும் ஏறியது. உளவியல் வகுப்பில் இருபது பேர், இசை வகுப்பில் ஐந்து பேர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் ஆசிரியர் சம்பளம் ஒன்றுதான். எந்த வகுப்பை மூடுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இவற்றையெல்லாம்விட ஆழமான காரணம் ஒன்று உண்டு. 18 வயதில் கிரேடு 7 தரத்தில் வாசிக்க வேண்டுமானால் எட்டு, ஒன்பது வயதிலேயே வாத்தியத்தைக் கையில் எடுத்திருக்க வேண்டும். வாரந்தோறும் தனி வகுப்பு, வாத்தியத்தின் விலை, தேர்வுக் கட்டணம் எல்லாம் பெரும்பாலும் பெற்றோர் தலையில். ஆகவே 16 வயதில் எல்லாருக்கும் திறந்திருப்பதாகச் சொல்லப்படும் கதவு, வசதியில்லாத பிள்ளைக்கு எட்டு வயதிலேயே சாத்தப்பட்டுவிடுகிறது. இது அநியாயம். கல்லூரியில் இசை வகுப்பைக் காப்பாற்ற வேண்டுமானால் தொடக்கப்பள்ளியில் இலவச வாத்திய வகுப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

லண்டன் தமிழ்ப் பிள்ளைகள் பலரிடம் இந்த நெடுங்காலப் பயிற்சி ஏற்கெனவே இருக்கிறது. வார இறுதி வகுப்புகளில் வாய்ப்பாட்டும் வீணையும் மிருதங்கமும் ஆண்டுக்கணக்காகப் படிக்கிறார்கள். இலங்கையிலிருந்து போன பெற்றோருக்கு உயர்தரத்தில் இசையைப் பாடமாக எடுப்பதும் பழகிய செய்திதான், அங்கே ஏ.எல். கலைப் பிரிவில் கர்நாடக சங்கீதம் இருக்கிறது. இங்கிலாந்து வாரியங்களும் எந்த வாத்தியத்தையும் ஏற்கின்றன, மனோதர்மத்துக்கும் இடமுண்டு. தாளத்திலும் சுருதியிலும் இந்தப் பிள்ளைகளின் காது மிகக் கூர்மையானது. இடறுவது ஹார்மனியில்தான். ஒற்றை இழையில் ராகத்தை விரிக்கப் பழகிய காது, ஒரே நேரத்தில் நகரும் நான்கு குரல்களைப் பிரித்துக் கேட்கப் பழகியிருக்காது. ஐந்து கோட்டு இசைக்குறிப்பும் கிரேடு 5 தியரியும் 14 வயதுக்குள் கைவந்திருந்தால் இந்த இடறல் பெருமளவு நீங்கும்.

டாக்டராக விரும்பும் பிள்ளை வேதியியல், உயிரியலோடு மூன்றாவதாக இசையை எடுப்பதைப் பல மருத்துவக் கல்லூரிகள் தடுப்பதில்லை. ஆனால் நிபந்தனை கல்லூரிக்குக் கல்லூரி மாறும் என்பதால் முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது. சிக்ஸ்த் ஃபார்மைத் தேர்வு செய்யும்போது கேட்க வேண்டியவையும் சில: எந்த வாரியம், வகுப்பில் எத்தனை பேர், கர்நாடக இசை வாசிப்பை இதற்குமுன் தேர்வுக்கு அனுப்பியிருக்கிறார்களா, வாத்தியத் தனி வகுப்புக்குக் கட்டணம் உண்டா. சில கல்லூரிகள் ஏ-லெவல் இசை எடுப்போருக்கு அந்தத் தனி வகுப்பை இலவசமாகவே தருகின்றன.