நெல்சன் பிக்கே இளையவர்

நெல்சன் பிக்கே இளையவர் (பிறப்பு: சூலை 25, 1985) பிரேசில் நாட்டுத் தானுந்துப் பந்தய ஓட்டுநர் ஆவார். 1981, 1983, 1987 ஆண்டுகளில் பார்முலா 1 உலக வாகையாளரான நெல்சன் பிக்கேயின் மகன். செருமனியின் ஐடெல்பேர்க் நகரில் பிறந்தார். 2004இல் பிரித்தானிய பார்முலா 3 வாகையாளரான இவர், 2006 ஜிபி2 தொடரில் லூயிசு ஆமில்டனுக்கு அடுத்த இடம் பெற்றார்.

பார்முலா 1

2008இல் ரெனோ அணியில் பெர்னாண்டோ அலோன்சோவுடன் இணைந்தார். செருமானியப் பந்தயத்தில் பெற்ற இரண்டாம் இடமே இவரது உச்சம். ஆயினும் இவர் பெயர் நிலைத்தது சிங்கப்பூரில் நேர்ந்த மோதலால்தான். அக்கால விதிப்படி, பாதுகாப்புத் தானுந்து களமிறங்கியதும் எரிபொருள் நிரப்புமிடம் சிறிது நேரம் மூடப்படும். 15ஆம் இடத்திலிருந்து புறப்பட்ட அலோன்சோ முன்னதாகவே எரிபொருள் நிரப்பிக்கொண்டார். சற்றைக்கெல்லாம் பிக்கே சுவரில் மோதினார். பாதுகாப்புத் தானுந்து வந்தது. ஏனையோர் பின்னர் நிரப்பச் சென்று பின்தங்க, அலோன்சோ வென்றார். அப்போது முன்னணியிலிருந்த பிரேசில் வீரர் பெலிப்பே மாசா, எரிபொருள் குழாய் கழலாமலே புறப்பட்டுப் புள்ளியின்றி முடித்தார். அவ்வாண்டு வாகைப் பட்டத்தை ஒரே புள்ளியில் இழந்தார்.

2009 நடுவில் நீக்கப்பட்ட பிக்கே, அணித் தலைமையின் சொற்படி வேண்டுமென்றே மோதியதாக அனைத்துலகத் தானுந்துக் கூட்டமைப்பிடம் தெரிவித்தார். வாக்குமூலம் அளித்ததால் இவருக்குத் தண்டனை இல்லை. ரெனோ குற்றச்சாட்டை மறுக்கவில்லை. குற்றச்சாட்டை மறுத்த பிரியத்தோரே மீதான தடையை 2010இல் பிரெஞ்சு நீதிமன்றம் நீக்கியது. பிக்கே மீண்டும் பார்முலா 1 பந்தயத்தில் ஓட்டவில்லை.

டிரக் பந்தயம்

2010இல் அமெரிக்காவின் நாசுகார் டிரக் தொடருக்குச் சென்றார். இங்கு டிரக் என்பது சரக்கு லாரி அன்று; பிக்கப் வண்டியின் உருவில் அமைந்த பந்தய வண்டி. இதன் எடை ஏறத்தாழ 1,500 கிலோகிராம். அன்றைய பார்முலா 1 தானுந்து ஓட்டுநருடன் சேர்த்தே 605 கிலோகிராம்தான். திறந்த சக்கரத் தானுந்தில் சக்கரங்கள் உரசினால் பந்தயம் முடிந்துவிடக்கூடும். டிரக்கிலோ முட்டித் தள்ளி முன்னேறுவது வழக்கம். ஓடுபாதை பெரும்பாலும் சரிவான நீள்வட்டம். பழகிய கைக்கு இது ஏறக்குறைய புதுத் தொழில்.

2012 சூனில் ரோட் அமெரிக்கா களத்தில் நாசுகாரின் நேசன்வைடு தொடர்ப் பந்தயத்தை வென்று, நாசுகார் தேசியத் தொடரில் வென்ற முதல் பிரேசிலியர் ஆனார். அடுத்து மிச்சிகனிலும் லாசு வேகசிலும் டிரக் பந்தயங்களை வென்றார். அவ்விரண்டும் நீள்வட்டப் பாதைகள்.

பார்முலா ஈ

பின்னர் மின்தானுந்துகளுக்கான பார்முலா ஈ தொடரின் முதற் பருவத்தில் (2014–15) திறந்த சக்கரத்துக்குத் திரும்பினார். தந்தை 1980இல் தம் முதல் பார்முலா 1 வெற்றியைப் பெற்ற லாங் பீச்சில் மகனும் வென்றார். இலண்டனில் நடந்த இறுதிப் பந்தயத்தின் முடிவில் செபாசுத்தியன் புயேமியை 144–143 என ஒரே புள்ளியில் முந்தி, அத்தொடரின் முதல் வாகையாளரானார்.