இலைச்சாறும் இரத்தக் கட்டியும்



இருதய வால்வு மாற்றப்பட்டு வீடு திரும்புகிறவர்களுக்காகப் படுக்கையருகே நாங்கள் ஜெபித்து முடிக்கும்போது, அநேகர் தாழ்ந்த குரலில் ஒன்று கேட்பதுண்டு: "ஐயா, இரத்தம் கட்டாமலிருக்க ஆயுள் முழுக்க இந்த மாத்திரைதானா? ஊரில் ஏதோ இலைச்சாறு சொல்லுகிறார்களே, குடித்துப் பார்க்கட்டுமா?"

இக்கேள்வியை நாங்கள் அற்பமாக எண்ணுவதில்லை. அவர்கள் கையிலிருக்கும் வார்ஃபரின் மாத்திரையின் கதையே ஒரு செடியில்தான் தொடங்குகிறது.

1920-களின் தொடக்கத்தில் கனடாவில் மாடுகள் இரத்தப்போக்கினால் மாண்டன. கொம்பை அறுத்தால்கூட இரத்தம் நிற்கவில்லை. காரணத்தைத் தேடியவர் பிராங்க் ஸ்கோஃபீல்டு என்னும் கால்நடை மருத்துவர். இவர் அதற்கு முன் கொரியாவில், சியோல் நகரத்துச் செவரன்ஸ் மருத்துவக் கல்லூரியில் மிஷனெரியாக ஊழியம் செய்தவர். 'ஸ்வீட் குளோவர்' என்னும் தீவனச்செடியின் ஒரே போரிலிருந்து நல்ல தண்டுகளை ஒரு முயலுக்கும், கெட்டுப்போன தண்டுகளை மற்றொரு முயலுக்கும் கொடுத்தார். முதலாவது சுகமாயிருந்தது, இரண்டாவது இரத்தம் கசிந்து செத்தது. பூஞ்சணம் பிடித்த தீவனமே காரணம் என்று விளங்கிற்று.

1933 பிப்ரவரியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து விவசாயி ஒருவர், செத்த கிடாரியையும் உறையாத இரத்தம் நிறைந்த பால் கேனையும் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலில் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே பேராசிரியர் கார்ல் பால் லிங்க் குழுவினர் உழைத்து, 1939-இல் அந்த நச்சுப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியில் உண்டான வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாக வந்து, 1954-இல் மனிதருக்கு மருந்தாயிற்று.

இன்று ஓர் இலையை எப்படிச் சோதிக்கிறார்கள்? இரத்தம் உறையச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதைப் பிடித்துவைக்கும் சிட்ரேட் உப்பிட்ட குழாயில் இரத்தத்தை எடுத்து, சுழற்றி, மேலே தெளியும் மஞ்சள் நீரைப் பிரிக்கிறார்கள். அதில் இலைச்சாற்றைக் கலந்து உடற்சூட்டில் வைக்கிறார்கள். பின்பு சுண்ணாம்புச் சத்தும் உறையச்செய்யும் பொருளும் சேர்த்து, எத்தனை விநாடியில் உறைகிறது என்று எண்ணுகிறார்கள். சாறு கலவாததோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

ஆனால் குழாய் இரண்டு விதமாய் ஏமாற்றும். சில இலைகளிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்வதால் உறைதல் தாமதிக்கும். அது மருந்தின் குணமல்ல. மறுபுறம், வார்ஃபரினையே குழாயில் ஊற்றினாலும் ஒன்றும் நடவாது. அது கல்லீரலில், வைட்டமின் கே செய்யும் வேலையைத் தடுத்தே பலன் தருகிறது. ஆகையால் குழாய்க்குப் பின் மிருகங்களிலும், அதன்பின் மனிதரிலும் அளவறிந்து சோதித்தாலன்றி ஓர் இலை மருந்தாகாது. மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம் சாற்றின் வீரியமும் மாறும்.

ஒரு தாயாரை நாங்கள் மறக்கக்கூடவில்லை. வீடு திரும்பிய அவர், மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாறு குடித்தார். சில வாரங்களில் வால்வில் இரத்தம் கட்டி, கட்டி மூளைக்குச் சென்றது. வலக்கையும் பேச்சும் போயின. அவரோடு ஜெபித்த நாங்கள், சாற்றைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. இப்பொழுது ஒவ்வொருவரிடமும் கேட்கிறோம்.

உங்கள் சபையில் இம்மருந்தை உட்கொள்ளுகிறவர்கள் இருப்பார்கள். புதிய மாத்திரைகள் வந்திருந்தும், உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு இன்றும் வார்ஃபரினே ஏற்றது. ஆகையால் அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: தாமாக மாத்திரையை நிறுத்தவேண்டாம். இரத்தப் பரிசோதனை நாளைத் தவறவிடவேண்டாம். கஷாயமோ சாறோ குடித்தால் டாக்டரிடம் மறைக்கவேண்டாம். ஒன்று இரத்தத்தை அதிகமாய்க் கசியச்செய்யும், இன்னொன்று மாத்திரையின் பலனைக் குறைக்கும். முருங்கைக்கீரை போன்றவற்றில் வைட்டமின் கே மிகுதி. அவற்றை விலக்கவேண்டியதில்லை, வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும்.

இலைக்கு வல்லமை இல்லையென்று நாங்கள் சொல்லவில்லை. வல்லமை இருப்பதால்தான் அதை அளந்து பார்க்கவேண்டும் என்கிறோம். ஆய்வுக்கூடத்தில் விநாடிகளை எண்ணுகிறவர்களையும், மாத்திரையை உண்மையாய் உட்கொள்ளுகிறவர்களையும் உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.