ஓ.பி. சீட்டில் ஒரு கட்டம்

மலையும் மருந்தும் – 11

காரவள்ளியில் பஸ் ஏறினால் செம்மேடு போய்ச் சேர 70 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எண்ணிக்கொண்டே வருவார்கள். முப்பதைத் தாண்டும்போது எண்ணிக்கை விட்டுப்போகும், வயிறு புரட்டும். மலைக்காரர்கள் எண்ணுவதில்லை. அவர்களுக்கு அது ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி. செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கே முடியாவிட்டால் நாமக்கல், அங்கும் முடியாவிட்டால் சேலம்.

இந்த வழியில் ஒரு திருநங்கை இறங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மலையிலே திருநங்கையா என்று கேட்பவர்கள் உண்டு. எல்லா ஊரிலும் பிறக்கிறவர்கள் இங்கேயும் பிறக்கத்தான் செய்வார்கள். பிறந்த ஊரில் இருக்க முடிவதில்லை, அதனால் கண்ணில் படுவதில்லை.

கொல்லிமலைப் பழங்குடிகளுக்கு மலையாளி என்று பெயர். பேசுவது தமிழ். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை என்று கீழே இறங்கினால் விளக்க வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு சாதிச் சான்று. திருநங்கையாகவும் இருந்துவிட்டால் இன்னொரு சான்று வேண்டும். 2020 ஜனவரி 10 முதல் நடைமுறையில் இருக்கும் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி அதைத் தர வேண்டியவர் மாவட்ட ஆட்சியர். ஆக, நான் இன்னார்தான் என்று ஒரே ஆள் இரண்டு முறை நிரூபிக்க வேண்டும். பல்வலி அதுவரை பொறுத்துக்கொள்ளுமா?

பல்வலி என்று சும்மா சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், சமவெளியில் ஒரு மருத்துவமனை. ஓ.பி. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு திருநங்கை நின்றார். நூல் சேலை, கையில் மஞ்சப்பை, வீங்கிய கன்னத்தில் அழுத்திப் பிடித்த முந்தானை. சீட்டு எழுதுகிறவர் தலை நிமிராமல் பேரும் வயசும் கேட்டார். பதில் சொன்ன குரலைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

“ஆம்பளைன்னு போடவா, பொம்பளைன்னு போடவா?”

“திருநங்கைன்னு போடுங்க சார்.”

“அதுக்குக் கட்டம் இல்லம்மா.”

வாய் ‘அம்மா’ என்றது. கை ‘ஆ’ என்று எழுதியது. அரைமணி கழித்து ஆதாரில் இருந்த பழைய பெயரை உரக்கக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்தார். கூடமே திரும்பிப் பார்த்தது. நானும்தான்.

அன்று அவருக்கு யாரும் வைத்தியம் மறுக்கவில்லை, பல்லைப் பிடுங்கித்தான் அனுப்பினார்கள். அதனால்தான் இது புகாராக எங்கேயும் பதிவாவதில்லை. ஆனால் அடுத்த முறை வலி வந்தால் அவர் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். படுக்கையில் சேர்க்க வேண்டிய நோய் என்றால் ஆண் வார்டா, பெண் வார்டா என்ற கேள்வி வேறு காத்திருக்கிறது.

நாமக்கல் வட்டாரத்தில் இருந்தே இதை எழுதிக்காட்டியவர் ஒருவர் இருக்கிறார். திருநங்கை எழுத்தாளர் அ.ரேவதி, இந்தப் பகுதியின் கிராமம் ஒன்றில் பிறந்தவர். மாரியம்மன் திருவிழாவில் குறத்தி வேஷம் கட்டி ஆடியபோது, ஊருக்கு அது வேஷம்; அவருக்கோ மற்ற நாளில் போட்டிருந்ததுதான் வேஷம். அவருடைய தன்வரலாறு 2010-ல் ஆங்கிலத்திலும், மறு ஆண்டு ‘வெள்ளை மொழி’ என்று தமிழிலும் வந்தது. அந்தத் தலைமுறைக்கு இரண்டே வழிதான்: தாயம்மா எனப்படும் மூத்த திருநங்கை கையால் ‘நிர்வாணம்’ என்கிற ஆணுறுப்பு நீக்கம், இல்லையென்றால் ரகசியமாக ஒரு டாக்டர். அறுத்த பிறகு நாற்பது நாள் பார்த்துக்கொண்டது திருநங்கைகளின் குழுவான ஜமாத்துதான், ஆஸ்பத்திரி அல்ல.

அதன் பிறகு நிறைய மாறியிருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். 2008 ஏப்ரல் 15 அன்று தமிழ்நாடு தனி நலவாரியம் அமைத்தது. அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பாலின அறுவை செய்வதில் நாட்டுக்கே முன்னோடி நாம். ஆறு ஆண்டு கழித்து அதே ஏப்ரல் 15-ல் உச்ச நீதிமன்றம், பாலினத்தை அவரவரே சொல்லலாம் என்றது. மருத்துவமனைகளில் உரிய கவனிப்புக்கு வழிசெய்யவும் உத்தரவிட்டது. முன்னே சொன்ன திருநர் சட்டத்தின் (2019) 15-ஆம் பிரிவு ஹார்மோன் சிகிச்சை, அறுவை, காப்பீடு எல்லாவற்றையும் அரசின் பொறுப்பு என்கிறது. 2022-ல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க்கான காப்பீட்டுத் திட்டத்தையும் மத்திய அரசு அறிவித்தது. ஐந்து லட்சத்துக்கு ஏற்பாடு இருக்கிறது, சீட்டில் ஒரு கட்டத்துக்கு இல்லை.

டிவி விவாதங்களைக் கேட்டால் எரிச்சல் வருகிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வளரிளம் பிள்ளைகளுக்குப் பருவத்தைத் தள்ளிப்போடும் மருந்து தரலாமா என்று சண்டை நடக்கிறது. மருத்துவர்கள் பேச வேண்டிய விஷயம்தான், பேசட்டும். நம் ஊர்ப் பிரச்சினை அதுவல்ல. டாக்டர் தொட்டுப் பார்ப்பாரா என்பதே இங்கே கேள்வி.

அந்த டாக்டருக்கு என்ன சொல்லிக்கொடுத்தோம்? சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இந்த விஷயம் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்ட பிறகே 2021 ஜூன் 7 அன்று உத்தரவு எழுதினார். பாலினத்தையோ பாலீர்ப்பையோ ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று செய்யும் வைத்தியத்துக்குத் தடை விதித்தார். மருத்துவப் பாடப்புத்தகங்கள் பக்கமும் அவர் பார்வை திரும்பியது. அப்படியிருந்தும் 2024 ஆகஸ்ட் இறுதியில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட புதிய பாடத்திட்டத்தில், தடயவியல் பாடத்துக்குள் பெண் தன்பாலுறவு ‘இயற்கைக்கு மாறான குற்றம்’ என்று மறுபடி வந்து உட்கார்ந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் ஒரு வாரத்துக்குள் திரும்பப் பெற்றார்கள். எடுத்த வேகத்தைப் பாராட்டலாம். உள்ளே போன வழியை யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

நாமக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மலைக்கு மிக அருகில் இருக்கும் பெரிய மருத்துவமனை அதுதான். அங்கே படித்து வெளியே வரும் பிள்ளைகளில் ஒருவராவது செம்மேட்டுக்கு வேலைக்குப் போவார். அவர்களுக்குப் பாடம் எடுப்பவர்கள் இதைப் படித்தால் சந்தோஷம். சீட்டு எழுதுகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: கட்டம் இல்லையென்றால் பேனாவால் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். நமக்கும் ஒன்று உண்டு. பெயரைக் கூப்பிட்டு, யாரோ சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தால், திரும்பிப் பார்க்காமல் இருங்கள்.

(தொடரும்)